வயதான ஈரலுக்கு ஹார்மோன் கேட்கிறதா?

நீலகிரி, பழநி மலைப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கல்லீரல் மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், மருந்தியல் பேராசிரியர் மூவரும் சேர்ந்து எழுதிய பதில்கள்.

கேள்வி: வயதானால் கல்லீரல் செல்கள் ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்குச் செவிசாய்ப்பதில்லை என்று படித்தேன். எனக்கு 71 வயது. மூட்டு வாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அது என் உடம்பில் வேலை செய்யாதா?
*ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை, கோத்தகிரி*

வேலை செய்யும் அம்மா. நாற்பது வயதுக்காரரைவிட உங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே செய்யலாம். நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அது ஒரேயொரு ஹார்மோனைப் பற்றியது, அதுவும் எலியின் ஈரலில் கண்டது. எல்லா ஸ்டீராய்டுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

நீங்கள் உயிரியல் ஆசிரியை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாமே கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகின்றன. செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது என்பதால், இன்சுலினைப்போல வாசலில் நின்று கதவைத் தட்ட வேண்டியதில்லை. நேரே உள்ளே போய்விடும். உள்ளே, அட்ரினல் சுரப்பி விடும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைப் பிடித்துக்கொள்ளும் புரதம், அதாவது அதன் ஏற்பி (உங்கள் மாத்திரையும் இதில்தான் பொருந்தும்), வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப்படும் துணைப் புரதங்களின் பிடியில் சும்மா கிடக்கும். கார்டிசால் வந்து பொருந்தியதும் பிடியை விட்டு உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.யில் தனக்குரிய இடங்களில் உட்காரும். அதற்குப் பிறகுதான் மரபணு விழித்துக்கொண்டு, தூது ஆர்.என்.ஏ. உருவாகி, புது நொதி தயாராகும். இத்தனையும் முடிய மணிக்கணக்கில் ஆகும். டைரோசின் அமினோடிரான்ஸ்ஃபரேஸ் என்ற ஈரல் நொதி இப்படித்தான் கார்டிசாலுக்குப் பின்னால் ஏறுகிறது. அதை அளந்துதான் ஆராய்ச்சியாளர்கள் ஈரல் எவ்வளவு பதில் கொடுக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

இப்போது அந்த எலிக் கதை. ஆண் எலியின் ஈரல் பருவம் எய்தும் வயதில், அதாவது சுமார் 40 நாளில், ஆல்ஃபா-2யூ குளோபுலின் என்ற புரதத்தை உண்டாக்கத் தொடங்கும். அதற்கு ஆண் ஹார்மோன் வேண்டும். சுமார் 800 நாள் தாண்டிய கிழ எலியில் அந்தப் புரதம் ஏறக்குறைய நின்றுபோகும். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் கொடுத்தாலும் திரும்புவதில்லை, ஏனென்றால் ஈரல் செல்லிலிருந்த ஆண் ஹார்மோன் ஏற்பியே காணாமல் போயிருக்கும். அருண் கே. ராயும் அவரோடு வேலை செய்தவர்களும் பல ஆண்டு உழைத்துக் காட்டிய விஷயம் இது. தீனியைக் குறைத்து வளர்த்த எலிகளில் இந்த இழப்பு தள்ளிப்போனதையும் அவர்கள் கண்டார்கள். மனித ஈரல் இந்தப் புரதத்தை உண்டாக்குவதில்லை. ஆகவே முடிவை அப்படியே மனிதருக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. மூப்பு என்பது செல்லின் தேய்மானம் மட்டுமல்ல, எந்த மரபணு பேசுகிறது, எது வாயடைக்கிறது என்பதில் வரும் மாற்றமும்தான் என்று காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் எம். எஸ். கானுங்கோ 1975-லேயே ஒரு மாதிரியை முன்வைத்தார். எலி ஈரல் அதற்கு நல்ல சான்று.

கார்டிசால் விஷயம் வேறு மாதிரி. 1969-ல் கேலப் ஃபின்ச்சும் சகாக்களும் 10 மாதச் சுண்டெலிகளையும் 26 மாதக் கிழட்டுச் சுண்டெலிகளையும் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். குளிர் பட்டதும் மேலே சொன்ன அந்த நொதி ஈரலில் ஏற வேண்டும். இளசுகளில் சட்டென்று ஏறியது, கிழடுகளில் தாமதமாகத்தான் ஏறியது. இதோடு விட்டிருந்தால் ‘கிழ ஈரல் மந்தம்’ என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் அவர்கள் அடுத்தபடி போய், சுண்டெலியில் கார்டிசாலின் வேலையைச் செய்யும் கார்டிகோஸ்டீரோனை நேரடியாக ஊசியில் ஏற்றினார்கள். அப்போது இரண்டு வயதிலும் நொதி ஒரே மாதிரி ஏறியது! ஈரலின் காது நன்றாகவே இருந்தது. கூப்பிடும் குரல்தான் தாமதித்து வந்தது. எங்கள் பார்வையில் இந்தத் துறையில் மிக அழகான சோதனை இதுதான். குளிரில் வாழும் நமக்கு இன்னும் நெருக்கமானது.

அப்படியானால் மனித ஈரலில் மூப்பு எதைத்தான் மாற்றுகிறது? ஈரலின் பருமன் இளமையில் இருந்ததைவிட 20 முதல் 40 சதவீதம் வரை சுருங்கும். அதற்குப் போகும் ரத்த ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஈரலுக்குள் ரத்தம் ஓடும் நுண்குழாய்களின் சுவர், மாவுச் சல்லடைபோல நுண்துளைகள் கொண்டது. செல்லுக்கு மருந்து போவதும் கழிவு திரும்புவதும் அந்தத் துளைகள் வழியாகத்தான். வயதாக ஆகத் துளைகளின் எண்ணிக்கை குறைந்து சுவரும் தடிக்கிறது. ஆக, கேட்பதைவிட அப்புறப்படுத்துவதில்தான் ஈரல் பின்தங்குகிறது. வாதத்துக்கு வழக்கமாகத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரட்னிசோலோன் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். உடம்பின் சொந்தக் கார்டிசாலும் நள்ளிரவில் எவ்வளவு தாழ வேண்டுமோ அவ்வளவு தாழ்வதில்லை. ஆகவே ‘மருந்து பிடிக்கவில்லை’ என்று நீங்களாக ஒரு மாத்திரை கூட்டிக்கொள்ளாதீர்கள். காலை உணவோடு 8 மணி வாக்கில், ஒரே வேளையாகச் சாப்பிடுங்கள். இரவில் சாப்பிட்டால் தூக்கம் கெடும், அட்ரினல் சுரப்பியும் கூடுதலாக அடங்கிப்போகும்.

கேள்வி: தேயிலை பறிக்கும் வேலை பார்த்த என் அம்மாவுக்கு வயது 67, எடை 42 கிலோ. முடக்குவாதத்துக்கு எட்டு மாதமாகத் தினம் 10 மி.கி. பிரட்னிசோலோன். முகம் உப்பிவிட்டது, லேசாகப் பட்டாலும் தோல் கன்றிப்போகிறது. பக்கத்து லைன் வீட்டில் 38 வயதுப் பெண்ணுக்கும் இதே அளவுதான், அவருக்கு ஒன்றும் இல்லை. எஸ்.ஜி.பி.டி. எல்லாம் நார்மல் என்கிறார்கள்.
*குன்னூர் வாசகர்*

எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் செல் உடைகிறதா என்று மட்டும் காட்டும். ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது காட்டாது. அம்மாவுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது ஆல்புமின். பெரும்பாலும் அதே ரிப்போர்ட்டில் இரண்டு வரி கீழேதான் அச்சாகியிருக்கும், யாரும் கவனிப்பதில்லை. ரத்தத்தில் பிரட்னிசோலோனின் பெரும்பகுதி டிரான்ஸ்கார்ட்டின், ஆல்புமின் என்ற இரண்டு புரதங்களின் முதுகில் ஏறித்தான் போகும். முதுகில் ஏறாமல் தனியாகத் திரியும் பங்குதான் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்யும். இரண்டு புரதத்தையும் செய்வது ஈரல்தான். ஆல்புமின் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். 2.5 கிராமுக்குக் கீழே போனால் இந்த மருந்துக் குடும்பத்தின் பக்கவிளைவுகள் சுமார் இரண்டு மடங்காகும். அதோடு 42 கிலோ உடம்பில் 10 மி.கி. என்பது 60 கிலோ உடம்பில் 14 மி.கி.க்குச் சமம். அடுத்த வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஆல்புமின் குறைந்திருந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் நாளுக்கு 45 முதல் 50 கிராம் புரதம் சேரட்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கும், மீதிக்கு மலையில் விளையும் அவரையும் மொச்சையும் போதும்.

அடுத்தது, வேறு பெயரில் இன்னொரு ஸ்டீராய்டு சேர்கிறதா என்று பாருங்கள். மூச்சுக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று போகும் முதியவர்களிடம் இதை அடிக்கடி காண்கிறோம். 5 மி.கி. பிரட்னிசோலோனுக்குச் சமமானவை இவை: மெதில்பிரட்னிசோலோன் 4 மி.கி., டெஃப்லசகார்ட் 6 மி.கி., டெக்சாமெதசோன் 0.75 மி.கி., பீட்டாமெதசோன் 0.6 மி.கி. அரை மில்லிகிராம்தானே என்று பீட்டாமெதசோனைக் காலை ஒன்று, மாலை ஒன்று சாப்பிட்டால் கூடுதலாக 8 மி.கி. பிரட்னிசோலோன் சாப்பிட்டதாகக் கணக்கு.

எட்டு மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். இந்த அளவிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு படியும் 1 முதல் 2.5 மி.கி.யாக இருக்க வேண்டும், ஒரு படியில் சில வாரம் நிற்க வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதை வாத நோய் மருத்துவர் சொல்லட்டும். காய்ச்சல் வந்தால் அந்த இரண்டு மூன்று நாள் அளவை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியெடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசிக்கு உடனே ஆஸ்பத்திரி போங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் மருந்துக்கடைக்குச் சரக்கு வராது. குறைந்தது இரண்டு வார மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. நுரையீரல் அடைப்பு நோய்க்கு மூன்று வாரமாகக் காலையில் 20 மி.கி. ஸ்டீராய்டு. நாக்கு வறள்கிறது, ராத்திரி நாலைந்து முறை சிறுநீருக்கு எழுகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 96, சர்க்கரை நோய் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.
*பூம்பாறை வாசகர்*

பார்த்த நேரம் தவறு. காலை 8 மணி மாத்திரை ஈரல் செல்லுக்குள் போய் நொதிகளை எழுப்பி, தசையின் புரதத்தைச் சர்க்கரையாக மாற்றச் செய்வதற்குள் மதியமாகிவிடும். மதியத்திலிருந்து இரவுச் சாப்பாடு வரைதான் சர்க்கரை உச்சத்தில் இருக்கும். இரவில் மருந்து அடங்கி, விடியற்காலையில் 96 என்று ஒன்றும் தெரியாததுபோல இறங்கி நிற்கும். ஹெச்பிஏ1சி பரிசோதனையும் இப்போது முழுசாகக் காட்டாது, அது இரண்டு மூன்று மாதச் சராசரி. உங்கள் அப்பா மருந்து தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது.

மதியச் சாப்பாட்டின் முதல் கவளத்திலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அல்லது இரவுச் சாப்பாட்டுக்கு முன். 200-க்கு மேல் இருந்தால், இந்த அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கையில் ஸ்டீராய்டு சர்க்கரை நோய் வந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். மறுநாளே மருத்துவரைப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வருவதாக இருந்தால் பிற்பகலில் வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

குளிரில் குளுக்கோமீட்டர் செய்யும் வேலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கருவிகள் 10 முதல் 40 டிகிரிக்குள்தான் வேலை செய்யும். மார்கழியில் உங்கள் ஊர் அறை அதற்குக் கீழே போகும், திரையில் பிழைக் குறி வரும். கருவியையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் 20 நிமிடம் ஸ்வெட்டர் பையில் வைத்துப் பிறகு எடுங்கள். அடுப்படியில் வைக்கக் கூடாது, ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். விரல் விறைத்திருந்தால் ரத்தம் வராது, பிதுக்கிப் பிதுக்கி எடுத்தால் திசு நீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். வெந்நீரில் கை கழுவி, நன்றாகத் துடைத்து, கையை ஒரு நிமிடம் தொங்கவிட்டு, விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். பிளம்ஸோ பேரிக்காயோ உரித்த கையோடு குத்தினால் பழச் சர்க்கரையும் சேர்ந்து 300 காட்டும்.

சாப்பாட்டில் ஒரு மாற்றம் போதும்: சோறும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கனமான சாப்பாடு மருந்து உச்சத்திலிருக்கும் மதியத்தில் வேண்டாம். காலையில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டு, மதியம் சோற்றைப் பாதியாக்கிக் கீரையும் பருப்பும் கூட்டட்டும். மருத்துவர் காலை வேளை இன்சுலின் தொடங்கினால் ஒன்றை மறக்காதீர்கள்: ஸ்டீராய்டு அளவு இறங்கும் அதே நாளில் இன்சுலினையும் இறக்கக் கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டு மயங்கி விழுந்த முதியவர்கள் உண்டு.

கேள்வி: இருமலுக்குத் தினமும் அதிமதுரக் கஷாயம் குடிக்கிறேன், வயது 64. ஆஸ்துமாவுக்கு அவ்வப்போது ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. சேர்த்துச் சாப்பிடலாமா? ஈரலைச் சுத்தம் செய்யும் என்றும் சொல்கிறார்களே.
*ஊட்டி வாசகி*

சேர்க்க வேண்டாம். சிறுநீரகத்தில் ஒரு நொதி, கார்டிசாலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றி, உப்பைப் பிடித்து வைக்கும் ஏற்பியைக் கார்டிசால் தொடாமல் காக்கிறது. பிரட்னிசோலோனையும் அதே நொதிதான் செயலிழக்கச் செய்கிறது. அதிமதுரத்தின் கிளைசிரைசின் அந்தக் காவலை எடுத்துவிடும். உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் கீழே போகும், ரத்த அழுத்தம் ஏறும், கணுக்கால் வீங்கும், கால் தசை வலுவிழக்கும். நீர் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் பொட்டாசியம் இன்னும் வேகமாக இறங்கி இதயத் துடிப்பையே குலைக்கும். ஒரு நாள் தொண்டைக்கு ஒரு துண்டு மென்றதால் ஒன்றும் ஆகாது, தினசரிக் கஷாயம்தான் ஆபத்து. இரண்டு வாரம் நிறுத்திவிட்டு ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பாருங்கள். ஈரலுக்குத் தனியாகச் சுத்தம் செய்ய மருந்து எதுவும் தேவையில்லை.

இதோடு ஒரு எச்சரிக்கை. சந்தையில் பெயர் ஒட்டாமல் விற்கும் மூட்டுவலிப் பொடி, உருண்டைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டது. சாப்பிட்ட இரண்டே நாளில் பத்து வருட வலி பறந்துபோய், பசி பெருகி, முகம் உருண்டால் அதையே சந்தேகியுங்கள். காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் பார்த்தால் மிகக் குறைவாக இருக்கும். அதையும் ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பொட்டலத்தோடு போங்கள்.

கேள்வி: எனக்கு 58. மாதவிடாய் நின்று ஐந்து வருடம். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். உடம்பு கொதிப்புக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கியதிலிருந்து தைராய்டு அளவு கலைந்துவிட்டது. என்ன தொடர்பு?
*கொடைக்கானல் வாசகி*

மாத்திரையாக விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து முதலில் ஈரலுக்குத்தான் போகும், அதுவும் மொத்தமாக. அது வந்ததும் ஈரல், தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தையும், ரத்தம் உறையவைக்கும் காரணிகளையும் கூடுதலாகச் செய்யும். சுமக்கும் புரதம் கூடினால் உங்கள் தைராய்டு மாத்திரை அங்கே போய் மாட்டிக்கொள்ளும். தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்து அளவைத் திருத்த வேண்டும். தோலில் தடவும் ஜெல் ஈரலை முதலில் தொடாது. தைராய்டுக் குழப்பம் வராது, காலில் ரத்தக்கட்டி வரும் அபாயமும் மாத்திரையைவிடக் குறைவு. உங்கள் வயதுக்கு நாங்கள் ஜெல் பக்கமே நிற்போம். கர்ப்பப்பை எடுக்காதவர் என்றால் உடன் புரோஜெஸ்ட்ரோன் கட்டாயம்.

கேள்வி: 66 வயது. சோர்வு, நாட்டமின்மை. டெஸ்டோஸ்டிரோன் நார்மல் என்று ரிப்போர்ட். பிறகு ஏன் இப்படி?
*பெயர் வேண்டாம், தாண்டிக்குடி*

வயது ஏற ஏற ஆணின் ஈரல், பாலியல் ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூடுதலாகச் செய்கிறது. மொத்த அளவு சரியாகத் தெரியும், கட்டில்லாமல் திரியும் பங்கு குறைந்திருக்கும். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்.எச்.பி.ஜி. (மேலே சொன்ன பிடித்துவைக்கும் புரதம்), ஆல்புமின் மூன்றும் பாருங்கள். மூன்றிலிருந்தும் கட்டில்லாத அளவைக் கணக்கிடலாம். அதற்கு முன் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், சோர்வுக்கு அவைதான் பெரும்பாலும் காரணம்.

கேள்வி: 62 வயதான என் அண்ணனுக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடங்கப்போகிறார்கள். எஸ்டேட்டில் முப்பது வருடம் வேலை. முன்னெச்சரிக்கையாக என்ன பார்க்க வேண்டும்?
*கூடலூர் வாசகர்*

சரியான நேரத்தில் கேட்டீர்கள், தொடங்கிய பிறகு இந்தப் பரிசோதனைகளில் சில பொய் சொல்லும்.

ஈரல் அழற்சி பி வைரஸுக்கு எச்.பி.எஸ். ஆன்டிஜென், ஆன்டி எச்.பி.சி. இரண்டும் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. பழைய தொற்று ஈரல் செல்லின் உட்கருவிலேயே ஒளிந்திருக்கும். 20 மி.கி.க்கு மேல் நான்கு வாரம் தாண்டினால் அது கிளம்பி ஈரலைத் தாக்கலாம். முதல் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் ஸ்டீராய்டுக்கு முன்பே வைரஸ் மருந்து தொடங்கிவிடுவார்கள். மார்பு எக்ஸ்ரே, காசநோய் இருக்கிறதா என்று பார்க்க. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் அது ஈரலைத் தூண்டி ஸ்டீராய்டை வேகமாக அழிக்கும், அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டிவரும். படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோல் நேர் எதிர். அது ஈரலைக் கட்டிப்போட்டு ஸ்டீராய்டைத் தேங்கவைக்கும். இன்ஹேலரில் உள்ள புடசோனைடுகூட அப்போது முகத்தை உப்பவைக்கும்.

தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தவருக்கு ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு இருக்கலாம். பாதத்தோல் வழியாக நுழைந்து, உடம்புக்குள்ளேயே பெருகிப் பல பத்தாண்டு தங்கும். ஸ்டீராய்டு கொடுத்ததும் குடலை விட்டு நுரையீரல், மூளை என்று பரவி உயிரையே எடுக்கும். ஈசினோஃபில் அணு கூடியிருந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் ஸ்டீராய்டு தொடங்கிய பின் அந்த அணுவே இறங்கிவிடும் என்பதால் முன்னதாகப் பார்ப்பது அவசியம். மலப் பரிசோதனையில் ஒருமுறை தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல. சந்தேகம் இருந்தால் ஐவர்மெக்டின் ஒரு கிலோ எடைக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில் கொடுப்பார்கள். 60 கிலோ எடைக்கு அது 12 மி.கி. பூச்சி மாத்திரை என்று ஒரே ஒரு அல்பெண்டசோல் விழுங்கினால் இந்தப் புழு சாகாது.